யார் கைக்கு?

வளையல்காரர் முதலில் கேட்பது கையைத்தான். "கையைக் காட்டுங்கள், அம்மா" என்பார். விரல் மூட்டுகளை ஒன்று சேர்த்து மெல்ல அமுக்கிப் பார்ப்பார். அதன் பிறகே பெட்டியைத் திறப்பார். கணவன் மட்டும் தனியே வந்து, "என் மனைவிக்கு ஒரு டஜன் கொடுங்கள்" என்றால், "அளவு வளையல் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அளவு தவறினால் என்ன ஆகிவிடும்? வளையல் உடையும், அல்லது கழன்று விழும். சில ரூபாய் நட்டம். அவ்வளவே.

அந்தக் கணவனே தன் மனைவியின் பாதுகாப்புக்கென்று ஒரு கைத்துப்பாக்கி வாங்கப் போகட்டும். அவள் கையின் அளவை யாரும் கேட்பதில்லை. விலை என்ன, எத்தனை ரவை போடலாம், கைப்பையில் அடங்குமா என்றெல்லாம் பேச்சு நடக்கிறது. பிடிக்கப் போகிற கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இங்கே அளவு தவறினால் நட்டம் சில ரூபாயோடு நிற்காது. உயிரே போகலாம்.

நம் சங்க இதழில் துப்பாக்கியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் வியக்கலாம். நான் வேட்டைக்காரனும் அல்லன், வீரனும் அல்லன்; பௌதிகம் படிக்கும் மாணவன். ஆனால் வடநாட்டில் குடியேறிய நம்மவர் குடும்பங்கள் சிலவற்றில் இந்தப் பேச்சு இப்போது எழுகிறது. எங்கள் குடும்பத்திலும் எழுந்தது. அப்போது கண்டதையும் சிந்தித்ததையும் சொல்லுகிறேன்.

என் அத்தான் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் பொறியாளர். அக்கா அருகிலுள்ள பள்ளியில் கணக்கு ஆசிரியை. இரண்டரை வயதில் ஒரு பையன். ஐப்பசி கார்த்திகையில் கரும்பு அரைவை தொடங்கிவிட்டால் சித்திரை வரை ஆலை இரவும் பகலும் ஓடும். அத்தானுக்கு வாரம் விட்டு வாரம் இரவு வேலை. குடியிருப்பின் கடைசி வீடு அவர்களுடையது. மதிலுக்கு அப்பால் ஆளை மறைக்கும் கரும்புக் காடு. சென்ற அரைவைக் காலத்தில் ஓர் இரவு, இரண்டு வீடு தள்ளித் திருடர் புகுந்தனர். வீட்டில் தனியாக இருந்த பெண்ணைக் கட்டிப் போட்டுவிட்டு நகைகளைக் கொண்டு போயினர். அவளும் அன்று இரவு வேலைக்குப் போனவனின் மனைவிதான். போலீஸ் நிலையமோ ஒன்பது கிலோமீட்டர் தொலைவில்.

அன்று முதல் அத்தானுக்கு இரவு வேலையில் மனம் நிற்கவில்லை. "உனக்கு ஒரு துப்பாக்கி வாங்கிவிடுகிறேன்" என்று அக்காவிடம் சொன்னார். பள்ளி விடுமுறையில் இருவரும் நான் படிக்கும் நகரத்துக்கு வந்தார்கள். "தம்பி, நீ பௌதிகம் படிக்கிறவன். கடைக்காரன் சொல்வதில் எது மெய், எது பொய் என்று உனக்குத் தெரியும். உடன் வா" என்றார் அத்தான். போனேன்.

பெண்ணுக்கு என்று சொன்னவுடனே கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் இருந்ததிலேயே சிறியதை எடுத்து வைத்தார். பளபளவென்று, உள்ளங்கையில் அடங்கும் ரிவால்வர். "லேடீஸ் மாடல், சாஹேப். இறகு போல இருக்கும். கைப்பையில் போட்டால் இருப்பதே தெரியாது" என்றார். அத்தானின் முகம் மலர்ந்தது. அதைக் கையில் வாங்கி ஏற இறங்கப் பார்த்தார், குறி பார்த்தார், விலை கேட்டார். ஒரு நாழிகை நேரம் பேச்சு நடந்தது. அக்கா அருகில் பையனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் அதை யாரும் நீட்டவில்லை.

பெண்களுக்கென்று தனித் துப்பாக்கி செய்வது புதிய எண்ணம் அன்று. அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியார் 'லேடிஸ்மித்' என்ற பெயரில் ஒரு சிறு ரிவால்வரை 1902 முதல் 1921 வரை செய்து விற்றனர். .22 என்ற மெல்லிய ரவையைச் சுடும் குட்டித் துப்பாக்கி அது. பிற்காலத்தில் அதே பெயரை வேறு துப்பாக்கிகளுக்குச் சூட்டி மீண்டும் கொண்டுவந்தனர். நம் நாட்டில் 2012 டிசம்பரில் டில்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையை நாம் மறக்கவில்லை. அதன் பிறகு, 2014 தொடக்கத்தில், கான்பூரில் அரசாங்கத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. 'அச்சமற்ற' என்பது அதன் பொருள். டைட்டானியம் கலந்த உலோகம்; எடை சுமார் 500 கிராம்; .32 ரவை; அன்றைய விலை 1,22,360 ரூபாய். பெண்களுக்கான இலகுவான துப்பாக்கி என்றே அது பேசப்பட்டது. அடுத்து மேற்கு வங்கத்து இச்சாப்பூர் தொழிற்சாலையிலிருந்து 'நிடர்' வந்தது; .22 ரவை, எடை சுமார் 250 கிராம். 2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்து 'பிரபல்' வந்தது; இது .32 ரவை, எடை சுமார் 675 கிராம்.

போலீஸும் இராணுவமும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் பிஸ்டலை நம் நாட்டில் சாதாரணக் குடிமக்கள் வைத்திருக்க இயலாது. ஆகவே அமெரிக்கக் கணவனுக்கு உள்ளது போல நூறு வகைத் துப்பாக்கிகளில் ஒன்றைத் தேடும் தொல்லை நமக்கு இல்லை. பெரும்பாலும் .22, அல்லது .32. எஞ்சி நிற்கும் கேள்வி ஒன்றுதான்: இலகுவானதா, கனமானதா?

இலகுவானது பெண்ணுக்கு நல்லது என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நியூட்டன் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

நண்பர்களே, கணக்கு எளியது. .32 ரிவால்வரின் ரவைக் குண்டு ஏறத்தாழ 6.4 கிராம் எடையுள்ளது. குழலை விட்டு அது வினாடிக்கு 210 மீட்டர் அளவில் புறப்படுவதாகக் கொள்வோம். குண்டு முன்னே எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ அவ்வளவு உந்தத்தோடு துப்பாக்கி பின்னே வர வேண்டும். வெடிமருந்துப் புகையின் பங்கை விட்டுவிட்டாலும், 700 கிராம் துப்பாக்கி வினாடிக்கு 1.9 மீட்டர் வேகத்தில் கையை உதைக்கும். 500 கிராம் துப்பாக்கி 2.7 மீட்டர் வேகத்தில் உதைக்கும். உதையின் ஆற்றலைக் கணக்கிட்டால் முன்னது 1.3 ஜூல், பின்னது 1.8 ஜூல். ரவை ஒன்றே. துப்பாக்கியில் 200 கிராம் குறைத்ததற்குக் கை கொடுக்கும் வட்டி இது.

இதை வேறு விதமாகவும் சொல்லலாம். 700 கிராம் துப்பாக்கியின் உதை, அதே எடையுள்ள கல்லை ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவான இடத்திலிருந்து உள்ளங்கையில் போட்டது போன்றது. அரைக் கிலோ துப்பாக்கியின் உதையோ, அரைக் கிலோ கல்லை ஒன்றரைச் சாண் உயரத்திலிருந்து போட்டது போன்றது. கால் கிலோ துப்பாக்கியில் .22 என்ற சிறு ரவையைப் போட்டாலும், உதையின் வேகம் வினாடிக்கு 3 மீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. சுமப்பதற்கு இனியது சுடுவதற்கு இன்னாதது. துப்பாக்கியைப் பையில் பல ஆயிரம் மணி நேரம் சுமப்பவனுக்கு முதலாவது குணம் பெரிது. இரவில் ஒரு முறை, கதவுக்குப் பின்னால் நின்று, கை நடுங்க அதை எடுக்க வேண்டியவளுக்கு இரண்டாவது குணமே பெரிது. அக்காவின் தேவை இரண்டாவதுதான். அவள் துப்பாக்கியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகப் போவதில்லை.

கடையில் இந்தக் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அத்தானிடம் காட்டினேன். அவர் பொறியாளர், ஒரு கணத்தில் விளங்கிக்கொண்டார். கடைக்காரர்தான், "இவ்வளவு படித்தவர்கள் என் கடைக்கு வருவதில்லை" என்று சிரித்தார். பிறகு நான், "அக்கா கையில் கொடுத்துப் பார்க்கலாமே" என்றேன். அவர் உருளையைத் திறந்து, ஆறு அறையும் காலி என்று எங்களுக்குக் காட்டிவிட்டு, அந்தச் சிறு ரிவால்வரை அவளிடம் நீட்டினார்.

அக்காவின் கை சிறியது. துப்பாக்கியும் சிறியது. ஆகவே இரண்டும் பொருந்தும் என்று எண்ணத் தோன்றும். அவள் பிடித்தாள். சுண்டுவிரலுக்குக் கைப்பிடியில் இடமில்லை. அது அந்தரத்தில் மடங்கி நின்றது. சுவரை நோக்கி நீட்டி, விசையை இழுத்தாள். விசை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். 'டக்' என்று சுத்தி விழுந்தபோது குழல் மேசையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதற்கும் காரணம் உண்டு. சுத்தியை முன்னதாகப் பின்னுக்கு இழுத்து வைக்காமல் நேரே சுடும்போது, ரிவால்வரின் விசையே சுத்தியைத் தூக்க வேண்டும், உருளையையும் சுழற்ற வேண்டும், பிறகு சுத்தியை விட வேண்டும். இதற்குப் பொதுவாக 4 முதல் 6 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுப்பு தேவை. துப்பாக்கியோ அரைக் கிலோ! ஒரு பொருளின் எடையைப் போல் பத்து மடங்கு விசையை அதன் மேல் ஒரே விரலால் செலுத்திக்கொண்டே, அது அசையாமல் இருக்க வேண்டும் என்கிறோம். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுப் பிஸ்டல் போட்டியில் விசையின் இழுப்பு 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. 2024இல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கம் வென்றது அந்தக் காற்றுப் பிஸ்டலில்தான். அந்தப் பிஸ்டலின் மரக் கைப்பிடியும் விளையாடுகிறவரின் கைக்கேற்ப இழைத்துச் சரிசெய்யப்படும். பயிற்சியில் உலகப் புகழ் பெற்றவருக்கு அவ்வளவு வசதி. பயிற்சியே இல்லாத இல்லத்தரசிக்குக் கையில் அடங்காத கைப்பிடியும் ஐந்து கிலோ விசையும்!

"அந்தப் பெரியதை எடுங்கள்" என்றாள் அக்கா. அன்று அவள் கடையில் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பெரியது கறுப்பு நிறம், பழைய பாணி, 700 கிராமுக்குப் பக்கம். அழகு ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்து விரலும் கைப்பிடியில் உட்கார்ந்தன. விரல் நுனியின் சதைப்பகுதி விசையின் நடுவில் பட்டது. விசை கடினமாகத்தான் இருந்தது. ஆயினும் நேராக வந்தது. குழல் சற்றே அசைந்து நின்றது. நீளத்தாலும் ஒரு நன்மை உண்டு. முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இருந்து, குறி ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 7 மீட்டரில் குண்டு 7 சென்டிமீட்டர் விலகும். இடைவெளி 15 சென்டிமீட்டர் ஆனால் விலகல் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. குட்டைத் துப்பாக்கி சிறு பிழையையும் பெரிதாக்கும்.

பெட்டியில் ரவை அடுக்கும் பிஸ்டலையும் கடைக்காரர் காட்டினார். அதில் விசை மெல்லியது. ஆனால் முதல் ரவையை அறைக்குள் ஏற்ற, மேலே உள்ள நழுவு மூடியைப் பலமான வில்லை எதிர்த்துப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் அடுத்த ரவை சிக்கிக்கொள்வதும் உண்டு. ரிவால்வரில் ஒரு ரவை வெடிக்காவிட்டால் மீண்டும் விசையை இழுத்தால் போதும். அடுத்த அறை வந்து நிற்கும். பயிற்சி மிகுந்தவருக்குப் பிஸ்டல் நன்று. ஆண்டில் சில முறையே தொடுகிறவருக்கு ரிவால்வர் நன்று என்று அறிந்தவர் பலர் சொல்வதற்கு இதுவே காரணம். அக்கா இரண்டு முறை நழுவு மூடியை இழுத்தாள். மூன்றாம் முறை, "வேண்டாம்" என்று வைத்துவிட்டாள்.

அன்று எதையும் வாங்கவில்லை. வாங்கவும் முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. "என் பெயரில் வாங்கி உன்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்" என்று அத்தான் எண்ணியிருந்தார். அது நடவாது. வைத்துக்கொண்டு பயன்படுத்தப் போகிறவளே மனுச் செய்ய வேண்டும். அவளுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். காரணம் சரியா என்று அதிகாரி பார்ப்பார். 2016ஆம் ஆண்டு விதிகள் பயிற்சிச் சான்றிதழும் கேட்கின்றன. துப்பாக்கியைக் கையாள்வது, சுடுவது, பூட்டி வைப்பது எல்லாம் அந்தப் பயிற்சியில் அடக்கம். அமெரிக்காவில் வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் அது உரிமை அன்று. அரசு அளிக்கும் அனுமதி. இந்த வேறுபாட்டைச் சிலர் குறையாகச் சொல்வர். எங்கள் குடும்பத்துக்கு அது நன்மையாகவே முடிந்தது. சட்டம் அக்காவைப் பெயர் சொல்லி அழைத்தது. அதுவரை அவளிடம் யாரும் கேட்காத கேள்வியைச் சட்டம் கேட்டது: "மனுதாரர் யார்?"

அக்கா பயிற்சிக்குச் சேர்ந்தாள். அத்தானும் "நானும் கற்றுக்கொள்கிறேன்" என்று சேர்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தேன்.

பயிற்சியாளர் ஓய்வு பெற்ற இராணுவ சுபேதார். காதுக்குக் கவசம் இல்லாமல் எவரையும் உள்ளே விடமாட்டார். துப்பாக்கியின் ஓசை 140 டெசிபெலுக்கு மேல். ஒரே வெடியில் செவி கெடலாம். முதலில் .22 பிஸ்டலில் சுடப் பழக்கினார். பிறகு .32 ரிவால்வரைக் கொடுத்தார். ஆறு அறையில் நாலில் மெய்யான ரவை, இரண்டில் வெற்று ரவை. எது எங்கே என்று சுடுகிறவருக்குத் தெரியாது.

இந்தச் சோதனையில்தான் பின்னுதைப்பின் உண்மை வெளியாயிற்று. ரவை வெடித்தபின் குண்டு குழலை விட்டு வெளியேற ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி அளவே ஆகிறது. அதற்குள் மனிதக் கை எதையும் உணர்ந்து அசைய முடியாது. ஆகவே உதை முதல் குண்டைக் கெடுப்பதில்லை. உதை வரப் போகிறது என்ற அச்சமே கெடுக்கிறது. அச்சப்படும் கை, வெடிக்கும் முன்பே குழலைக் கீழே அமுக்கிவிடுகிறது. மெய்யான ரவை வெடித்தால் அந்த அமுக்கம் உதையோடு கலந்து மறைந்துவிடும். வெற்று ரவை வந்தால் மறைக்க ஒன்றும் இல்லை. குழல் நாணிக் குனிவது ஊரறியத் தெரியும்.

அரைக் கிலோ ரிவால்வரில் அக்காவின் குழல் இரண்டு முறையும் குனிந்தது. பெரியதில் ஒரு முறை குனிந்தது. மறு வாரம் குனியவில்லை. அத்தானுக்கோ இரண்டிலும், எல்லா முறையும் குனிந்தது! சுபேதார், "சாஹேப், நீங்கள் ஆலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியை அம்மா பார்த்துக்கொள்வார்" என்றார். அத்தான் தாமே முதலில் சிரித்தார். அவர் நல்லவர்.

பெண் கைக்கு வலிமை இல்லை என்ற எண்ணத்துக்கு அந்தப் பக்கத்து மண்ணிலேயே மறுப்பு இருக்கிறது. பாக்பத் மாவட்டத்து ஜோஹ்ரி கிராமத்தில் சந்திரோ தோமர் என்ற பாட்டி இருந்தார். 1999இல், அறுபது வயதைக் கடந்த பின், பேத்திக்குத் துணையாகச் சுடுபயிற்சிக் கூடத்துக்குப் போனவர், தாமே துப்பாக்கியை எடுத்தார். கைக்கு வலுவேற்ற நீர் நிறைந்த குவளையை நீட்டிய கையில் பிடித்து வீட்டில் பழகினாராம். போட்டிகளில் பல பதக்கம் பெற்று, 2021இல் மறைந்தார். நம்மவரில் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் துப்பாக்கி சுடுதலில் உலகப் போட்டிகளில் தங்கம் வென்றிருக்கிறார். இவர்களுக்கெல்லாம் யாரும் இறகு போன்ற துப்பாக்கியைத் தேடிக் கொடுக்கவில்லை. பழகிய கைக்கு வலிமை தானே வந்தது.

பயிற்சி முடிந்து சான்றிதழும் வந்தது. மனுவை நிரப்ப அத்தான் பேனாவை எடுத்தார். அப்போது அக்கா பேசிய பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"கொஞ்சம் பொறுங்கள். இதை நீங்கள் யாருக்காக வாங்குகிறீர்கள்? உங்கள் மனம் ஆலையில் நிம்மதியாக இருக்கவா? நான் வீட்டில் பத்திரமாக இருக்கவா? இரண்டும் ஒன்றல்ல. துப்பாக்கி வீட்டில் இருக்கிறது என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். நானோ அன்று முதல் இரண்டு பயத்தோடு படுப்பேன். வெளியே திருடன், உள்ளே பையன். அவன் இப்போதே பீரோச் சாவியை எடுத்து விளையாடுகிறான்."

அத்தான் பேசவில்லை. அக்காவே தொடர்ந்தாள்: "வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சொல்லுகிறபோது வாங்கலாம்."

இந்தக் கேள்வியில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பிறகு படித்தபோது தெரிந்தது. 1993இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கெல்லர்மன் குழுவினர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். துப்பாக்கி உள்ள வீட்டில் வாழ்பவர் தம் வீட்டிலேயே கொலையுண்ணும் அபாயம், துப்பாக்கி இல்லாத வீட்டாரைவிடச் சுமார் 2.7 மடங்கு என்று அது கூறியது. பெரும்பாலும் கொன்றவர் அந்நியர் அல்லர், உறவினரும் அறிமுகமானவருமே. துப்பாக்கிதான் காரணமா, அபாயமுள்ள வீட்டார்தாம் துப்பாக்கி வாங்குகிறார்களா என்ற விவாதம் அந்த நாட்டில் ஓயவில்லை. தொடர்பு வேறு, காரணம் வேறு என்பது விஞ்ஞான மாணவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் துப்பாக்கி யாரை நோக்கியும் திரும்பும். வாங்கியவரின் எண்ணம் அதன் குழலில் எழுதப்பட்டிருப்பதில்லை. இதை எந்த விவாதமும் மறுக்க முடியாது.

சட்டமும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. பாரதிய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையை வகுக்கின்றன. தற்காப்புக்கு வேண்டிய அளவைக் கடந்து தீங்கு செய்யக்கூடாது என்பது அவற்றின் சாரம். ஓடுகிற திருடனின் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாமல் போகலாம். நள்ளிரவில், இருட்டில், ஒரு நொடியில் இந்த எல்லையைக் காண வேண்டியவள் அக்கா. அத்தான் அல்லர், கடைக்காரரும் அல்லர். கையாள எளிய துப்பாக்கி என்று சொல்லும்போது விசையையும் கைப்பிடியையும் மட்டும் கருதினால் போதாது. சுடாமல் இருக்கவும் அந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் துப்பாக்கியைக் கண்டு தானே அஞ்சும் கை, அஞ்சிய கணத்தில் விசையை இழுத்துவிடும்.

அக்கா சில நிபந்தனைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். கணக்கு ஆசிரியை அல்லவா? முதலாவது, சுவரில் பதித்த இரும்புப் பெட்டி. அதன் எண் அவளுக்கு மட்டும் தெரியும். இரண்டாவது, மாதம் ஒரு முறை பயிற்சிக் கூடம். மூன்றாவது, 7 மீட்டரில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் ஐந்து குண்டும், அடுத்தடுத்து ஐந்து மாதம் விழ வேண்டும்; அதன் பிறகே மனு. நான்காவது, வாங்கினால் கறுப்புத் துப்பாக்கி. லேடீஸ் மாடல் வேண்டவே வேண்டாம்.

அதோடு அவள் நிற்கவில்லை. இரவு வேலைக்காரரின் மனைவிமார் ஏழு பேரைச் சேர்த்தாள். எல்லோரும் கையெழுத்திட்டு ஆலை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். மூன்று மாதம் பதில் இல்லை. இரண்டாம் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பதில் வரும் வரை அலுவலக வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இந்த அரைவைக் காலத்தில் மதிலோரம் விளக்கு எரிகிறது. கடைசி வரிசைக்கு இரவுக் காவலாளும் உண்டு. வீட்டுக் கதவுக்கு உட்புறம் இரும்புத் தாழ் போட்டிருக்கிறாள். ஏழு வீட்டுக்கும் ஒரு மணி அடித்தால் கேட்கும்படி கம்பி இழுத்துக் கொடுத்தவர் அத்தான். அந்த வேலையைச் செய்த இரண்டு நாளும் அவர் முகத்தில் கண்ட நிறைவை நான் துப்பாக்கிக் கடையில் காணவில்லை.

பயிற்சி நடக்கிறது. சென்ற மாதம் ஐந்தில் நாலு குண்டு வட்டத்துக்குள் விழுந்ததாக எழுதியிருந்தாள். ஐந்து மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். அவள் மனுப் போடுவாளோ, போடாமலே விடுவாளோ, எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை; இப்போது அத்தானும் கேட்பதில்லை.

நம்மில் பலர் நாளை வேலை தேடி இந்த நாட்டின் மூலை முடுக்குகளுக்குப் போவோம். மனைவி மக்களைப் பழக்கமில்லாத ஊர்களில் தனியே விட்டு இரவு வேலைக்குப் போவோம். அவர்களுக்கு என்ன கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற கவலை நமக்கும் வரும். கவலை நல்லதே. அது வரும்போது கடைக்காரரைக் கேட்கும் முன்பு வீட்டில் கேட்க வேண்டும். என்ன ஆபத்து, எது வேண்டும், எதைத் தன்னால் ஆள முடியும் என்று அவளுக்கே தெரியும். அவள் "வேண்டும்" என்றால் அவள் கைக்குப் பொருந்துவதை அவளே எடுக்கட்டும். பழகும் வரை நாம் காத்திருப்போம். "வேண்டாம்" என்றால் அதையும் அவள் அச்சம் என்று எண்ணாமல் அறிவு என்று கொள்வோம். நம் மன நிம்மதிக்காக அவள் கையில் ஒரு சுமையைக் கொடுப்பது பாதுகாப்பு ஆகாது.